மலைக்கு ஆற்றுப்படுத்துவோர்

தென் மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் 'கல்விச் சுற்றுலா' என்றால் பெரும்பாலும் மூணாறு என்றே பொருள். காரணங்கள் எளியவை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பின்னிரவில் பேருந்து புறப்பட்டால் தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியே காலைச் சிற்றுண்டி வேளைக்கு மலைமேல் இருக்கலாம். அன்றிரவே திரும்பிவிடலாம் என்பதால் விடுதிச் செலவு மிச்சம். பாடத்திட்டத்தில் குறிஞ்சித்திணை இருக்கிறது. ஆகவே 'தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை?' என்று அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. எங்கே போவது, எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் துறைக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறோம். மலையில் யார் பின்னால் நடப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. அதைச் சுற்றுலா ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

அவர் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சற்றுக் கவனிப்போம். என் மேசைமேல் கிடக்கும் ஒருநாள் நிரலில் ஏழு இடங்கள் உள்ளன: இரவிகுளம் தேசியப் பூங்கா, தேயிலை அருங்காட்சியகம், மலர்த்தோட்டம், மாட்டுப்பெட்டி அணை, எதிரொலி முனை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன். முதலில் சொன்ன பூங்கா மூணாற்றிலிருந்து மறையூர் செல்லும் சாலையில் இருக்கிறது. கடைசி நான்கும் வேறொரு சாலையில், கிழக்கே. டாப் ஸ்டேஷன் மட்டுமே மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர். இரண்டு சாலைகளிலும் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மலைப்பாதை. பெரிய பேருந்துக்கு நான்கு மணி நேரம் ஆகும். காலை எட்டு முதல் மாலை ஆறு வரையிலான பத்து மணி நேரத்தில் அதையும் உணவு வேளையையும் கழித்தால் ஐந்து மணி நேரம் மிஞ்சும். ஏழு இடத்துக்கு ஐந்து மணி நேரம்! பூங்காவுக்குள் நம் வண்டி போக முடியாது. வரிசையில் நின்று வனத்துறையின் பேருந்தில் ஏறவேண்டும். அந்த வரிசையும் இந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான். பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம். இன்று அதற்குப் பணம் போவது என்று பொருள். இரண்டு பொருளும் ஒருங்கே அமைந்த ஆவணம் என்று இந்த நிரலை மாணவர்களுக்குக் காட்டலாம்.

நிற்க. வழிகாட்டுதல் என்பதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். போய் வந்தவன் போக இருப்பவனுக்குச் சொல்லும் சொல் அது. பரிசில் பெறுவது எப்படி என்பதாகவே நாம் அதை வகுப்பில் நடத்தி முடித்துவிடுகிறோம். ஆனால் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 583 அடிகளில், செங்கண்மாத்து நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு அவன் மலைநாட்டின் வழி சொல்லப்படுகிறது. வள்ளலின் புகழும் விருந்தின் சுவையும் உண்டுதான். என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது வழியின் ஆபத்துகளை அந்தக் கூத்தன் விளக்கும் பகுதி. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது, வழுக்கும் இடத்தில் எந்தக் கொடியைப் பற்றுவது, இருட்டினால் எங்கே தங்குவது என்று சொல்லிக்கொண்டே போகிறான். வழி தவறினால் உங்கள் கருவிகளை இசையுங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து வழி காட்டுவார்கள் என்கிறான். பாதைகள் பிரியும் இடத்தைத் துடைத்துச் சரிசெய்து, பின்னால் வரும் புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறான். இதைப் படித்த பிறகு அந்த ஏழிட நிரலை எடுத்துப் பார்த்தால், அதில் ஆபத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது கண்ணில் உறுத்துகிறது. எச்சரிக்காத வழிகாட்டிக்குப் பாதை தெரியாது. தெரிந்தாலும் நம்மைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த நிலையில் எங்களைக் கூட்டிப்போக மறுப்பீர்கள்?' என்பது. மழை பெய்தால்? மூடுபனி இறங்கினால்? யானை நடமாட்டம் இருந்தால்? 'அதெல்லாம் ஒன்றும் இல்லை மேடம், நாங்க பார்த்துக்கிறோம்' என்ற விடை வந்தால் அத்தோடு நன்றி சொல்லிவிடுகிறேன்.

இது வீண் அச்சம் என்று நினைப்பவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மூணாற்று மலைகளின் தமிழ்நாட்டுச் சரிவில், தேனி மாவட்டத்துக் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள், விடுமுறை நாளில் மலை பார்க்க வந்தவர்கள். அவர்கள் வழிகாட்டி இல்லாமல் போனவர்கள் அல்லர். மார்ச் மாதத்துக் காய்ந்த போதைப்புல் சரிவு எப்படிப்பட்டது என்பது அந்த மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவருக்குக்கூடத் தெரியும். அந்த அறிவு அவர்களின் பயண நிரலுக்குள் வந்து சேரவில்லை. அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலைப்பாதைகளை அறிவித்து, மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீப்பருவத்தில் அந்தப் பாதைகள் மூடப்படுகின்றன. 'மூடியிருக்கிறது' என்று சொல்லத் தெரிந்த ஏற்பாட்டைத்தான் நம்பலாம் என்பது என் கட்சி.

இரவிகுளமும் மூடப்படும் பூங்காதான். வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. நம் துறைகள் சுற்றுலா கிளம்புவதோ பொங்கல் கழிந்து, தேர்வுக்கு முன்னால், சரியாக அந்த மாதங்களில்! பிப்ரவரி மாதத்துக்கென்று அச்சிட்ட ஒரு நிரலில் இரவிகுளம் முதலிடத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டபோது, அன்றைக்கு மூடியிருந்தால் வேறொரு நல்ல இடம் காட்டுவதாகச் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை பூங்கா என்பது நிரலில் ஒரு வரி. அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம்.

அந்தப் பூங்காவின் கதையே வேறு. 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. பல பத்தாண்டுகள் தோட்ட அதிபர்களான ஆங்கிலேயர்களின் வேட்டைக்காடாக இருந்தது. 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களைச் சட்டம் இயற்றி மீட்டபோது இப்பகுதியும் அரசின் கைக்கு வந்தது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. உலகில் எஞ்சியிருக்கும் வரையாடுகளின் மிகப்பெரிய கூட்டம் இங்குதான். நம் மாநில விலங்கு அது என்று போட்டித்தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவர்கள், சங்க இலக்கியத்தின் 'வருடை' அதுவே என்று அறிஞர் கருதுவதை இங்கே வந்துதான் நினைத்துக்கொள்கிறார்கள். நன்னனின் முற்றத்துக்கு மலைமக்கள் கொண்டுவரும் பொருள்களிலும் வருடை உண்டு. வேட்டைக்காரரின் துப்பாக்கி போய் இரண்டு மூன்று தலைமுறை கழிந்த பிறகு, ராஜமலைச் சாலையோரத்தில் அந்த விலங்கு மனிதரைக் கண்டு ஓடாமல் மேய்கிறது. அந்த நம்பிக்கை எளிதில் வந்ததன்று. படம் எடுப்பதற்காக அதன் கொம்பருகே கையை நீட்டும் பயணியையும் அதைப் பார்த்துச் சிரிக்கும் ஓட்டுநரையும் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கிறது.

பார்வையாளருக்குத் திறந்திருப்பது அந்த ராஜமலைப் பகுதி மட்டுமே. பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து தார்ச்சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் போல நடக்கலாம், திரும்பலாம். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி எதிரே நிற்கும், ஏற முடியாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. 'இவ்வளவு தூரம் வந்தும் உள்ளே விடவில்லையே' என்று. எனக்கு அதுவே அந்தப் பூங்காவின் சிறப்பாகப் படுகிறது. மலையின் பெரும்பகுதி நமக்கானதன்று என்பதைக் கண்ணெதிரே உணர்த்தும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சில. 'ஆனைமுடி ஏற்றம் உண்டு, ஆள் தெரியும்' என்று தனியே அழைத்துச் சொல்லும் ஆள், மலையைவிட ஆபத்தானவர்.

குறிஞ்சிப் பூவும் அப்படித்தான் விற்கப்படுகிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்வது. இம்மலைகளில் 2006-இல் பெருமலர்ச்சி, அடுத்து 2018-இல். 2018-இல் பூவோடு ஆகஸ்ட் வெள்ளமும் வந்தது. பெரியவரைப் பாலம் இடிந்து பூங்காவுக்குப் போகும் சாலையே துண்டிக்கப்பட்டது. இனி 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கங்கே பூப்பவை உண்டு. குறிஞ்சி இனத்திலேயே வேறு சுழற்சி கொண்ட செடிகளும் பல உண்டு. அவற்றைக் காட்டி 'இதுதான் குறிஞ்சி' என்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்பவர் பொய் சொல்வதாகவும் கொள்ள முடியாது. ஆனால் 'இது அது இல்லை, அதற்கு இன்னும் சில வருடம் ஆகும்' என்று சொல்லும் வழிகாட்டியிடம்தான் மாணவர் எதையாவது கற்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். பெரும்பாலும் முதுவர்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்களின் வழியினர் என்பது அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. தோட்ட அதிபர் காலத்தில் வேட்டைக்காட்டின் காவலர்களாக இருந்தார்கள். இன்று வனத்துறையின் காவலர்களாகவும் தடம் பார்ப்பவர்களாகவும் இருக்கிறார்கள். இரவிகுளத்தின் அண்டையிலுள்ள சின்னாறு சரணாலயத்தில் அவர்களும் மலைப்புலையர்களும் பயணிகளை நடத்திச் செல்கிறார்கள். டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடை போகும் வழியில் பாம்பாடும் சோலை என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. 2003-இல் அறிவிக்கப்பட்டது. 1.32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. நம் ஊர்ப் பெரிய கண்மாய் அளவு. எந்த ஏழிட நிரலிலும் அதன் பெயர் இராது. 'பார்க்க ஒன்றும் இல்லை' என்பார்கள்.

அங்கே ஒரு முறை பன்னிரண்டு மாணவியருடன் நடந்திருக்கிறேன். மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முன்னால் போன முதுவப் பெரியவர் ஓரிடத்தில் நின்று, கையைக் காட்டிப் பேச்சை நிறுத்தச் சொன்னார். ஓடையின் ஓசை கேட்டது; அதற்குமேல் ஒரு பறவை, தெருவில் போகும் பையன் சீட்டியடிப்பதுபோல. சீகாரப் பூங்குயில். சற்றுப் பொறுத்து எங்கோ கிளை முறியும் சத்தம். 'அது தூரத்துல தாயீ, பயமில்ல. ஆனா இனி இந்தப் பக்கம் போக வேணாம்' என்று சொல்லி, வேறு வழியில் திருப்பிக் கூட்டிவந்தார். யானையை அவர் காட்டவில்லை. காட்டாமல் இருந்ததுதான் அவர் செய்த வேலை. மலைபடுகடாம் என்ற பெயருக்கே மலையில் எழும் ஓசை என்பதை ஒட்டித்தான் பொருள் சொல்கிறோம். அருவி, யானை, புண்பட்ட கணவனின் நோவு தணியப் பாடும் பெண், தினை குற்றுவோரின் பாட்டு என்று அந்நூல் அடுக்கும் ஒலிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எத்தனையோ ஆண்டு நடத்தியாயிற்று. கேட்பதற்கு நின்றால்தான் ஒலி என்பது அங்கே பனிக்குள் நின்றவர்களுக்குப் புரிந்தது. திரும்பும் வழியில் சிவப்பாகப் பூத்திருந்த மரத்தைக் காட்டுப்பூவரசு என்றார். ஒரு மாணவி குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் கைப்பேசியில் வைத்திருந்தாள், தேடிப் பார்த்தாள், அந்தப் பெயர் இல்லை. 'அப்ப நூறுன்னு எழுதிக்க' என்றார் பெரியவர்.

வழிகாட்டி அந்த மண்ணைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள். ஏறத்தாழ அனைவரும் தமிழர்கள். பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியுலகுக்கு வந்து சேர விடிந்துவிட்டது. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடிக்குப் போகும் வழியும் பெட்டிமுடியிலிருந்துதான் தொடங்குகிறது. பயணிகளின் பேருந்து இந்த மலைக்குத்தான் ஏறுகிறது. 'தேயிலைத் தோட்டம், பச்சைக் கம்பளம்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வரும் ஏற்பாட்டாளரின் ஆள் அந்த இரவைப் பற்றிச் சொல்வதில்லை. உல்லாசம் கெடும் என்று நினைக்கலாம். நடுகல்லைக் கண்டால் வணங்கிப் போகச் சொன்ன மரபைப் பாடமாக நடத்திவிட்டு, எழுபது பேர் மாண்ட இடத்தை அருகிருந்தும் அறியாமல் திரும்பி வருவதைக் கல்விச் சுற்றுலா என்று எழுதிக் கணக்குக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கெல்லாம் என் துறை நண்பர் ஒருவர் சொல்லும் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 'உங்கள் வகுப்பில் பாதிப் பெண்களுக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் பயணம். சிலருக்குத் திருமணத்துக்கு முன் கடைசிப் பயணமும் இதுவே. வீட்டில் ஆயிரம் கெஞ்சி அனுமதி வாங்கி வந்தவளிடம் ஓடையின் ஓசையைக் கேள் என்று சொல்ல நீங்கள் யார்? அவளுக்கு ஏழு இடமும் வேண்டும். ஏழிலும் படம் எடுத்துத் தங்கைக்குக் காட்ட வேண்டும்' என்பார். நியாயம்தான். முதன்முதலாக மலையைப் பார்ப்பவருக்கு எதிரொலி முனையில் தன் பெயரைத் தானே கத்திக் கேட்பதிலும் ஓர் இன்பம் இருக்கிறது. அதைக் கேலி செய்யும் உரிமை இருபது முறை போய்வந்த எனக்கு இல்லை. ஆனால் ஏழிட நிரலில் போய்வந்த வகுப்புகளிடம் மறுவாரம் கேட்டிருக்கிறேன். பேருந்தில் போட்ட பாட்டும், வாந்தியும், கழிப்பறைக்கு நின்ற வரிசையும் நினைவிருக்கின்றன. எந்த இடம் எது என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது. ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அந்த நாளைத் துண்டு போடாமல் முழுதாகக் கொடுப்பதே அவளுக்குச் செய்யும் மரியாதை என்று நான் வாதிடுகிறேன். நண்பர் ஒப்புக்கொண்டதில்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் கேட்டாக வேண்டும். ஐம்பது பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் அவர் செய்வது மேய்ச்சல். பின்வரிசையில் இருப்பவளுக்கு அவர் முதுகுகூடத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று அமைய வேண்டும். அதற்காகக் கூடுதலாகும் தொகை வழிகாட்டிகளுக்கே போய்ச் சேர்கிறதா என்பதையும் விசாரிக்கலாம். அட்டப்பாடிப் பக்கத்து அமைதிப் பள்ளத்தாக்கில் இந்தக் கவலையே இல்லை. முக்காலியிலிருந்து சைரந்திரி வரையிலான 23 கிலோமீட்டரும் அனுமதி பெற்ற ஜீப்பில் வழிகாட்டியோடுதான் போக முடியும். அணைக்குப் பலியாக இருந்த காடு அது. அறிவியலாளரும் சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் சேர்ந்து போராடி, 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கச் செய்தார்கள். கோவைப் பக்கத்துத் தமிழ்த்துறைகள் ஏன் அங்கே போவதில்லை என்று அவ்வப்போது வியப்பதுண்டு. எங்களுக்குத் தொலைவு அதிகம்.

இந்த ஆண்டுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் திட்டம் இது: நாற்பது பேர், இரண்டு பிரிவு, இரண்டு வெவ்வேறு நாள், பிப்ரவரி வேண்டாம், டிசம்பர், ராஜமலை ஒன்றே இடம், நேரம் இருந்தால் மூணாற்றுக் கடைத்தெருவில் தேயிலை வாங்க ஒரு மணி நேரம், வனத்துறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி உள்ளூர் வழிகாட்டிகளைக் கேட்பது, மழைச்சட்டை, அட்டைக்கு முழங்கால் வரை காலுறை. ஏற்பாட்டாளருக்குப் பேருந்து வாடகை மட்டும். மாட்டுப்பெட்டியில் படகு விடவேண்டும் என்று பதினான்கு மாணவியர் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அழகான தமிழில் எழுதியிருக்கிறார்கள். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டு தாள்களும் இப்போது துறைத்தலைவரின் மேசையில் இருக்கின்றன.